பதில் வராத ஏபிஐயை எப்படிச் சோதிப்பது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர், புதுச்சேரி பக்கம் சின்ன சாஃப்ட்வேர் நிறுவனங்களில் டெஸ்டராகச் சேருபவர்களுக்குச் சீக்கிரமே வந்து சேரும் வேலை இது. யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு இணையக் கடை கட்டியிருப்பார்கள். பணம் வாங்க ஓர் ஏபிஐ (நம் தளம் இன்னொரு நிறுவனத்தின் சர்வரிடம் வேலை கேட்கும் வழி), எஸ்எம்எஸ் அனுப்ப ஓர் ஏபிஐ, பார்சலுக்கு இன்னொன்று. "எல்லாம் சேர்த்தாச்சு, டெஸ்ட் பண்ணிடுங்க" என்பார்கள். புதியவர் போஸ்ட்மேன் என்ற ஏபிஐ சோதனைக் கருவியைத் திறந்து ஒரு கோரிக்கை அனுப்புவார், 'சரி' என்று பொருள்படும் 200 என்ற எண் பச்சையாக வரும், 'பாஸ்' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

அந்த 200 சொல்வது, அடுத்தவருடைய சர்வர் அந்த நிமிடத்தில் நன்றாக இருந்தது என்பதை மட்டும்தான். அதைக் கவனிக்க அவர்களிடமே ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பதில் தாமதமாக வந்தால், இரண்டு முறை வந்தால், வராமலே போனால் நம் தளம் என்ன செய்கிறது? அதைப் பார்க்க உங்களை விட்டால் ஆளில்லை. எனக்கு இந்த வேலையில் மிக முக்கியமாகப் படும் பாடமும் அங்கேதான் இருக்கிறது: பதில் வரவில்லை என்றால் காரியம் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாடிக்கையாளரின் பணம் போய், ஆர்டர் பதிவாகாமல் நிற்கும் சிக்கல்களில் பலவும் இந்த ஒரு குழப்பத்திலிருந்து வருபவை.

உதாரணத்துக்குப் பண்ருட்டியில் முந்திரி விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். தளம் நம்முடையது. பணம், எஸ்எம்எஸ், பின்கோடு, கூரியர் எல்லாம் வெளி ஏபிஐகள்.

முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள்

சோதனையைத் தொடங்கும் முன் ஒவ்வோர் ஏபிஐக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். நாம் என்ன அனுப்புகிறோம், என்ன திரும்பி வருகிறது, தொகை ரூபாயிலா பைசாவிலா, நேரம் எந்த மண்டலத்தில், நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கை அனுமதி, எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறோம். இவை எல்லாம் அவர்களுடைய ஆவணத்தில் இருக்கும். டெவலப்பரிடம் கேட்டு எழுதாதீர்கள், ஆவணத்தைப் படித்து எழுதுங்கள். டெவலப்பர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அது இங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்: "இந்தச் சேவை ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை என்றால் கடை என்ன செய்ய வேண்டும்?" எஸ்எம்எஸ் போகவில்லை என்பதற்காக ஆர்டரை நிறுத்த அவர் விரும்ப மாட்டார். பின்கோடு ஏபிஐ வேலை செய்யாவிட்டால் ஊர், மாநிலத்தை வாங்குபவரே நிரப்பட்டும் என்பார். பணம் கட்டும் ஏபிஐ விழுந்தால் 'இப்போது முடியாது' என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு, கூடையில் இருப்பதை அப்படியே வைத்திருக்க வேண்டும். இந்தப் பதில்கள் இல்லாவிட்டால் எது பாஸ், எது ஃபெயில் என்று உங்களால் தீர்மானிக்கவே முடியாது.

சாவிகள்

பணம் வாங்கும் சேவைகள் பெரும்பாலும் சோதனைக்கு ஒரு சாவி (நம் கணக்கை அடையாளம் காட்டும் எழுத்துத்தொடர்), நிஜத்துக்கு ஒரு சாவி என்று தனித்தனியாகத் தருகின்றன. ரேஸர்பே, ஸ்ட்ரைப் இரண்டிலும் சோதனைச் சாவியின் முன்பகுதியிலேயே 'டெஸ்ட்' என்ற சொல் இருக்கும். ஆகவே கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். நீங்கள் சரிபார்க்க வேண்டியவை இரண்டு. சோதனைச் சர்வரில் நிஜச் சாவி இல்லை, நிஜச் சர்வரில் சோதனைச் சாவி இல்லை. இரண்டாவது தவறு நடந்தால் யாரும் பணமே கட்டாமல் முந்திரி வாங்கிப் போவார்கள்.

ரகசியச் சாவி சர்வரில் மட்டுமே இருக்க வேண்டும். பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, தளம் இறக்கிய எல்லா ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளிலும் அந்தச் சாவியைத் தேடுங்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட் வரலாற்றிலும் தேடுங்கள். கிட்டில் ஒருமுறை ஏறிய சாவியை அழித்தாலும் பழைய கமிட்டில் (சேமித்த பதிப்பில்) இருந்துகொண்டுதான் இருக்கும். அப்படிக் கிடைத்தால் சாவியையே மாற்றச் சொல்லுங்கள்.

நல்ல பதிலிலும் தவறு இருக்கும்

200 வந்துவிட்டது, பதில் வரும் ஜேசான் என்ற தரவு வடிவமும் சரி. உள்ளே இருக்கும் மதிப்பை நம் தளம் சரியாகப் புரிந்துகொள்கிறதா? இதைச் சோதிக்க நம் வட்டாரமே நல்ல களம்.

பின்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 605 என்று தொடங்கினால் புதுச்சேரி, 607 என்று தொடங்கினால் கடலூர் மாவட்டம், அதாவது தமிழ்நாடு என்று யாராவது எளிதாகக் கோடு (நிரல்) எழுதியிருப்பார்கள். 605001 புதுச்சேரிதான். ஆனால் 605602 விழுப்புரம், அது தமிழ்நாடு. கடலூர் போகும் சாலையில் உள்ள கிருமாம்பாக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது, அதன் பின்கோடு 607 என்று தொடங்குகிறது. காரைக்கால் 609602. மாஹே 673310, கேரளத்துக்குப் பக்கத்தில். ஏனாம் 533464, ஆந்திரத்துக்குள். மூன்றும் புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான். இந்த ஆறு முகவரிகளையும் உங்கள் சோதனைத் தரவில் போட்டுவையுங்கள்.

இது வெறும் முகவரிப் பிரச்சினை அல்ல, வரியையும் மாற்றிவிடும். ஜிஎஸ்டியில் தமிழ்நாட்டின் குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. பண்ருட்டிக் கடை விழுப்புரத்துக்கு அனுப்பினால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் (மத்திய, மாநில வரிகள்). கிருமாம்பாக்கத்துக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான வரி). மொத்தத் தொகை ஒன்றாகவே இருக்கும் என்பதால் வாங்குபவர் கவனிக்க மாட்டார், கடைக்காரரின் ஆடிட்டர்தான் மாதக் கடைசியில் கண்டுபிடிப்பார். மாநிலப் பெயரையும் பாருங்கள். யூனியன் பிரதேசத்தின் பெயர் 2006இல் புதுச்சேரி என்று அதிகாரபூர்வமாக மாறியது. ஆனாலும் பாண்டிச்சேரி என்ற பழைய பெயரைத் திருப்பித் தரும் தரவு இன்னும் இருக்கிறது. பெயரை வைத்து ஒப்பிடும் கோடு இருந்தால் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். குறியீட்டை வைத்து ஒப்பிடுவதே பாதுகாப்பு.

வரைபட ஏபிஐயில் ஒரு பொல்லாத பிழை உண்டு. புதுச்சேரியின் அட்சரேகை சுமார் 11.93, தீர்க்கரேகை 79.83. கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் கேட்கிறது, ஜியோஜேசான் என்ற வரைபடத் தரவு வடிவம் தீர்க்கரேகையை முதலில் வைக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் தளத்தில் இடம் மாறிப்போவது சுலபம். மாறினால் எந்தப் பிழைச் செய்தியும் வராது! அட்சரேகை 90 வரை போகலாம் என்பதால் 79.83 செல்லுபடியாகும் எண்தான். ஏபிஐ மறுப்பே சொல்லாமல் நார்வேயின் சுவால்பார்ட் தீவுக்கூட்டத்தின் வட மூலையைக் காட்டும். கடலூரைக் கொடுத்தாலும் அதே கதைதான். எனவே 'பதில் வந்ததா' என்று பார்த்தால் போதாது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வரும் தூரம் 15 முதல் 35 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்று எல்லை வைத்துச் சரிபாருங்கள்.

தொகையில் கவனம் தேவை. ரேஸர்பே, ஸ்ட்ரைப் போன்றவை இந்திய ரூபாயைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாகக் கேட்கின்றன. 500 ரூபாய்க்கு 50000 அனுப்ப வேண்டும். டெவலப்பர் ரூபாயை 100ஆல் பெருக்கியிருப்பார். ஜாவாஸ்கிரிப்டில் 19.99-ஐ 100ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும். புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டினால் ஒரு பைசா குறையும், அப்படியே அனுப்பினால் ஏபிஐ மறுக்கும். ஆகவே முழு ரூபாய் விலைகளோடு நிறுத்தாமல் 19.99 போன்ற விலைகளையும் கொடுத்துப் பாருங்கள்.

நேரம்: பெரும்பாலான ஏபிஐகள் உலகப் பொது நேரமான யுடிசியில் பேசும், நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஜூலை 1 அதிகாலை 2 மணிக்கு வந்த ஆர்டர் யுடிசியில் ஜூன் 30 இரவு 8.30. பில் எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள்.

எஸ்எம்எஸ்ஸில் தமிழ் தனி விஷயம். ஆங்கிலச் செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் கொள்ளும், தமிழில் 70 குறியீடுகள்தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், ஒவ்வொரு துண்டுக்கும் 67. 'புதுச்சேரி' என்பது கண்ணுக்கு ஐந்தெழுத்து மாதிரி தெரியும், கொம்பு, புள்ளி போன்ற குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் கணக்கில் பத்து. நீளமான பெயரும் முகவரியும் கொடுத்து எத்தனை செய்தியாகப் போகிறது என்று எண்ணுங்கள், கட்டணம் அதன்படிதான். இன்னொன்று, இந்தியாவில் வணிகச் செய்தியின் வாசகத்தை டிஎல்டி என்ற, தொலைபேசி நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்த வாசகத்திலிருந்து சற்றே விலகினாலும் தொலைபேசி நிறுவனம் செய்தியைத் தடுத்துவிடலாம். அப்போதும் ஏபிஐ உங்களுக்கு 200 கொடுத்திருக்கும், 'வாங்கிக்கொண்டேன்' என்ற பொருளில். செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதை டெலிவரி ரிப்போர்ட்டில்தான் பார்க்க வேண்டும்.

பதில் வராதபோது

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

அடுத்தவர் சர்வரை நாம் விழ வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆகவே போலிச் சர்வர் ஒன்று வேண்டும். வயர்மாக் போன்ற கருவிகள் இதற்கென்றே இருக்கின்றன. ஏபிஐயின் முகவரி கோடுக்குள் புதைந்திருக்கக் கூடாது, அமைப்புகளை வைக்கும் கான்ஃபிக் கோப்பில் இருக்க வேண்டும். அப்போதுதான் அதைப் போலிச் சர்வருக்குத் திருப்ப முடியும். முகவரி புதைந்திருந்தால் அதையே முதல் பக் (பிழை) ஆகப் பதிவு செய்யுங்கள். பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் பிளேரைட்டில் கோரிக்கையை இடைமறிக்கும் வசதி உண்டு, ஆனால் அது பிரவுசரிலிருந்து போகும் கோரிக்கைகளுக்கு மட்டுமே. நம் சர்வர் நேரடியாக அனுப்புவதை அதால் தொட முடியாது. புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது.

முதல் சோதனை: போலிச் சர்வரை 60 விநாடி காத்திருந்து பதில் சொல்லும்படி வையுங்கள். நம் தளம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகமும் ஜாவாஸ்கிரிப்டின் ஆக்ஸியோஸும் நாமாகச் சொல்லாவிட்டால் டைம்அவுட் (காத்திருப்பதற்கான கால வரம்பு) வைப்பதில்லை. அப்படியே விட்டால் ஓர் ஏபிஐ மந்தமானதும் நம் சர்வரின் எல்லா இணைப்புகளும் அதற்காகக் காத்து நின்று, முந்திரி விலை காட்டும் பக்கம்கூடத் திறக்காது. ஒருவர் மட்டும் முயன்றால் இது தெரியாது. இருபது, முப்பது கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டு, முகப்புப் பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது சோதனையை விடவே கூடாது. போலிச் சர்வர் கோரிக்கையை வாங்கிப் பதிவு செய்துகொள்ள வேண்டும், பிறகு பதில் சொல்லாமல் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். நிஜத்தில் இதன் பொருள்: அவர்கள் பக்கம் வேலை முடிந்துவிட்டது, நமக்குச் செய்தி மட்டும் வரவில்லை. நம் கோடு இதைப் பார்த்ததும் ஆர்டரைத் 'தோல்வி' என்று குறிக்கிறதா? குறித்தால் அது பெரிய பக். பிழை என்று கத்தாமல் 'நிலுவை' என்று குறித்துவிட்டு, பிறகு நிலையை விசாரிக்கும் ஏபிஐயை அழைத்துக் கேட்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தரும் கோரிக்கையிலும் இதையே செய்து பாருங்கள். பதில் வரவில்லை என்று தளம் மறுபடி அனுப்பினால் பணம் இரண்டு முறை திரும்பிப் போகுமா? இதைத் தடுக்கத்தான் ஐடெம்பொடென்ஸி சாவி என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரே வேலைக்கு எத்தனை முறை முயன்றாலும் அதே சாவியை அனுப்ப வேண்டும், அவர்கள் ஒரு முறைதான் செய்வார்கள். போலிச் சர்வரின் பதிவைத் திறந்து, முதல் முயற்சியிலும் இரண்டாவதிலும் சாவி ஒன்றுதானா என்று பாருங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய சாவி உருவாக்கும் கோடு, சாவியே இல்லாததற்குச் சமம்.

மறுமுயற்சிக்குக் கணக்கு இருக்கிறது. 400, 422 வந்தால் நாம் அனுப்பியது தவறு, திரும்ப அனுப்பினாலும் அதே பதில்தான். 401 வந்தால் சாவியைப் பார்க்க வேண்டும். 429 என்றால் அளவுக்கு மேல் கேட்டுவிட்டோம். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று பெரும்பாலும் பதிலின் தலைப்பிலேயே சொல்லியிருப்பார்கள், நம் கோடு அதைப் படிக்கிறதா என்று பாருங்கள். 502, 503, 504 வந்தால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே சில முறை முயலலாம், பணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் மேலே சொன்ன சாவியோடு. இந்த எண்கள் ஒவ்வொன்றையும் போலிச் சர்வரிலிருந்து திருப்பி அனுப்புங்கள். கூடவே 200 என்று சொல்லிவிட்டு உள்ளே ஜேசானுக்குப் பதில் எச்டிஎம்எல் பக்கம் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். பராமரிப்பு நேரங்களில் சில சேவைகள் அப்படியும் செய்யும்.

வெப்ஹுக்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கடலூர்ப் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. புயல் வர வேண்டும் என்றுகூட இல்லை, மாலை மழைக்கே சிக்னல் போகும். ஒருவர் யுபிஐயில் பணம் கட்டுகிறார், நம் தளத்துக்குத் திரும்புவதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. பணம் வந்த செய்தியைப் பிரவுசர் நமக்குச் சொல்லாது. பணச் சேவையின் சர்வர் நம் சர்வரை நேரடியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அதுதான் வெப்ஹுக்.

உங்கள் கணினியில் ஓடும் தளத்துக்கு வெளியிலிருந்து வெப்ஹுக் வராது. வெளி இணையத்திலிருந்து உங்கள் கணினிக்கு வழி திறக்கும் என்ஜிராக் போன்ற சுரங்கக் கருவி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு சோதனை முறையில் பணம் கட்டுங்கள். ரேஸர்பேயில் வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று என்று சோதனை யுபிஐ முகவரிகள் உண்டு. ஸ்ட்ரைப்பில் 4242-ஐ நான்கு முறை எழுதினால் வரும் கார்டு எண் வெற்றிக்கு. பணம் கட்டிய நொடியில் பிரவுசர் டேபை மூடிவிடுங்கள். ஆர்டர் உறுதியாகிறதா? இந்த ஒரு சோதனை தோற்றால் தளத்தை வெளியிட விடாதீர்கள்.

அடுத்து, வந்த வெப்ஹுக்கைச் சேமித்து அப்படியே மறுபடி அனுப்புங்கள். பணச் சேவைகள் ஒரே செய்தியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அனுப்பக்கூடும் என்று அவர்களே ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது முறை இருப்பு குறையக் கூடாது, இரண்டாவது எஸ்எம்எஸ் போகக் கூடாது. வரிசை மாறியும் வரலாம். முதல் முயற்சி தோற்று இரண்டாவதில் பணம் கட்டியவருக்கு, 'வெற்றி' முதலிலும் பழைய 'தோல்வி' பிறகும் வந்தால் ஆர்டர் ரத்தாகிவிடக் கூடாது.

கையொப்பச் சோதனையையும் செய்யுங்கள். வெப்ஹுக் உண்மையானதா என்று காட்ட அதோடு வரும் கையொப்பத்தில் ஓர் எழுத்தை மாற்றி அனுப்பினால் மறுக்க வேண்டும். கையொப்பம் இல்லாமல் அனுப்பினாலும் மறுக்க வேண்டும். தொகையை மட்டும் மாற்றிப் பழைய கையொப்பத்தோடு அனுப்பினாலும் மறுக்க வேண்டும். இதில் தமிழர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று: கையொப்பத்தை, வந்த உரையை அப்படியே வைத்துத்தான் கணக்கிட வேண்டும். ஜேசானைப் பிரித்து மறுபடி கட்டிக் கணக்கிடும் கோடு சில நேரம் தற்செயலாக வேலை செய்யும். அனுப்புபவர் தமிழ் எழுத்துகளை யூனிகோட் எண்களாக மாற்றி அனுப்பியிருந்து, நாம் மறுபடி கட்டும்போது அவை தமிழாகவே எழுதப்பட்டால் கையொப்பம் பொருந்தாது. ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் பாஸ் ஆகும், 'கயல்விழி' என்று எழுதியவரின் ஆர்டர் மட்டும் தொங்கும். ஆகவே குறிப்புப் புலத்திலும் பெயரிலும் தமிழ் எழுதிச் சோதியுங்கள்.

வெப்ஹுக் வந்து 403 அல்லது 419 என்று திரும்பினால் முதலில் சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பை (வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுப்பது) சந்தேகியுங்கள். தளம் கட்டப் பயன்படும் ஜாங்கோவும் லாராவெலும் வெளியிலிருந்து வரும் போஸ்ட் (தரவு அனுப்பும்) கோரிக்கையை இயல்பாகவே தடுக்கும், அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வேண்டும்.

தினமும் ஓடும் சோதனைகள்

கோடு மாறும் ஒவ்வொரு முறையும் அவர்களுடைய நிஜ சாண்ட்பாக்ஸை (சோதனைக்கென்று தரும் தனிச் சூழல்) அழைக்காதீர்கள். மெதுவாகும், வரம்பு தீரும், அவர்கள் பக்கம் கோளாறு என்றால் நம் சோதனை காரணமில்லாமல் சிவப்பாகும். ஒருமுறை நிஜப் பதிலைப் பதிவு செய்து, அதில் உள்ள தொலைபேசி எண்ணையும் பெயரையும் நீக்கிவிட்டு, அதை வைத்து ஓட்டுங்கள். சாண்ட்பாக்ஸைத் தொடும் சில சோதனைகளைத் தனியாக இரவில் ஒருமுறை ஓட்டினால் போதும். பதிலில் ஏதாவது புலம் காணாமல் போனாலோ எண் எழுத்தாக மாறினாலோ மறுநாள் காலை தெரிந்துவிடும். புதிய புலம் சேர்ந்தால் மட்டும் சிவப்பு காட்ட வேண்டாம், ஏபிஐகள் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். ஒரே நேரத்தில் பெரும் சுமை கொடுக்கும் லோடு டெஸ்டை எப்போதும் போலிச் சர்வரை வைத்தே செய்யுங்கள். அடுத்தவர் சர்வர்மீது அனுமதியில்லாமல் ஏவினால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.

வெளியிடும் நாளில்

சாண்ட்பாக்ஸில் வங்கி இல்லை, டிஎல்டி இல்லை, நிஜ கூரியர் இல்லை. ஆகவே தளம் வெளியானதும் கடைக்காரரின் சம்மதத்தோடு ஒரு சின்னத் தொகைக்கு நிஜமாக ஓர் ஆர்டர் போட்டு, எஸ்எம்எஸ் வந்ததா என்று பார்த்து, பில்லில் வரியைப் பார்த்து, பணத்தைத் திருப்பி அனுப்பி, அது வங்கிக் கணக்கில் விழும்வரை தொடருங்கள். ஆர்டர் போடும் முகவரி கிருமாம்பாக்கமாக இருந்தால் வரியும் சேர்ந்து சோதிக்கப்படும்.

கோளாறு கிடைத்து ஏபிஐ நிறுவனத்துக்கு எழுத நேர்ந்தால், 'பேமெண்ட் வேலை செய்யவில்லை' என்று ஒரு வரியில் அனுப்பாதீர்கள். பதிலின் தலைப்பில் வந்த கோரிக்கை எண், நேரம் யுடிசியில், நாம் அனுப்பிய உரை, வந்த எண், எதிர்பார்த்தது என்ன என்று எழுதுங்கள். ரகசியச் சாவியையும் வாடிக்கையாளரின் கார்டு, தொலைபேசி விவரங்களையும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.